ஏழாம் இலக்கத்துக்குத் தண்ணீர் வார்த்த கதை

1987 நவம்பர் 3, செவ்வாய்க்கிழமை, காலை 7 மணி 40 நிமிடம். வெப்பநிலை 4 பாகை. காற்று இல்லை. மூடுபனி, தீவன அறை வாசலில் நின்று பார்த்தால் வேலியின் ஆறாவது கம்பம் தெரிந்தது, ஏழாவது தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் நான் இடைக்கதவைத் தூக்கி, ஏழாம் இலக்கத்தை அதன் கூட்டத்துக்குள் திருப்பி அனுப்பினேன். நாற்பது வினாடிக்குள் மற்ற எட்டும் சேர்ந்து அதைக் கடித்துக் கொல்லப் பார்த்தன.

இதில் கடைசியில் வென்றது நான்தான். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எனக்கு எண்பத்தெட்டு வயது; இரத்த அழுத்தக் குளிசை நாளுக்கு மூன்று; எழுதி முடிப்பதற்குள் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது.

நாங்கள் அப்போது சுவிட்சர்லாந்தில், வில் என்ற நகரத்தில் இருந்தோம். அங்கிருந்து பஸ்ஸில் இருபத்தாறு நிமிடத் தூரத்தில், ஒரு மலைச்சரிவில், தனியார் மிருகப் பூங்கா ஒன்று இருந்தது. அதில் நான் கூடு கழுவி, தீவனம் போடும் வேலை செய்தேன். இலங்கையில் இருபத்தாறு வருடம் வானிலை அவதானிப்பு நிலையத்தில் வேலை பார்த்தவன் நான். மூன்று மணிக்கொருமுறை வெப்பநிலை, காற்று, மழை, மேகம். அந்தப் பழக்கம் கையைவிட்டுப் போகவில்லை. தீவன அறை வாசலில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, சட்டைப்பையில் ஒரு குறிப்பேடும் வைத்திருந்தேன். எங்கள் மேலாளரை எல்லோரும் செஃப் என்று கூப்பிடுவோம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவர் அந்தக் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, "நீங்கள் சுவிஸில் பிறந்திருக்க வேண்டியவர்" என்றார். அது பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் பொறுப்பில் இருந்தவை ஒன்பது பெக்கரிகள். பெக்கரி பார்வைக்குப் பன்றி. ஆனால் பன்றி அல்ல. உயரம் என் முழங்காலுக்குச் சற்று மேலே. கறுப்பும் சாம்பலும் கலந்த முரட்டு மயிர். தோளைச் சுற்றி, யாரோ கழுத்துப்பட்டி கட்டிவிட்டதுபோல ஒரு வெளிறிய வளையம். அதன் சொந்த இடம் அமெரிக்கக் கண்டம். வடக்கே பாலைவனம், தெற்கே ஆர்ஜென்டினாவின் காடு. முள்ளுக் கள்ளியை முள்ளோடு தின்னும் என்று புத்தகத்தில் வாசித்தபோது நான் நம்பவில்லை. பூங்காவின் உணவகத்தில் பாத்திரம் கழுவிய ஒருவர், நாற்பது வயது, ஊரில் பஸ் ஓட்டியவர், யன்னலில் இருந்த கள்ளிச் சட்டி உடைந்த அன்று செடியைக் கொண்டுவந்து வேலிக்கு மேலால் எறிந்தார். நான்கு நிமிடத்தில் சட்டி ஓடு மட்டும் மிஞ்சியது.

ஒவ்வொன்றின் காதிலும் ஒரு இலக்கம் இருந்தது. ஒன்றாம் இலக்கம் கிழட்டுப் பெண், கூட்டத்துக்குத் தலைவி. ஐந்தாம் இலக்கம் ஆண், சண்டைக்காரன். ஏழாம் இலக்கம் நான்கு வயதுப் பெண். ஒக்டோபரில் கம்பி கிழித்து அதன் தொடையில் காயம். மிருகவைத்தியர் பதினொரு தையல் போட்டு, தனியே அடைக்கச் சொன்னார். பதின்மூன்று நாள் அது பக்கத்துச் சின்னக் கொட்டிலில் கிடந்தது. எட்டாம் நாள் என் கையிலிருந்து கரட் வாங்கித் தின்றது. பத்தாம் நாள், நான் தீவன வாளியை வைக்கும்போது என் காலில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

காயம் மாறியது. நாளைக்குக் கூட்டத்தில் விடலாம் என்று செஃப் சொன்னார். அன்று பின்னேரம் நான் அந்தப் பிழையைச் செய்தேன்.

எங்கள் ஊரில் அம்மாள் வருத்தம், அதாவது அம்மை, வந்தவரைத் தனி அறையில் விடுவார்கள். வருத்தம் மாறியதும் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர் வார்ப்பார்கள். அந்தத் தண்ணீர் வார்த்த பிறகுதான் அவர் வீட்டில் மற்றவர்களோடு சேர்ந்து இருக்கலாம், சாப்பிடலாம். அது இல்லாமல் ஒருவரைத் தனி அறையிலிருந்து நேரே சபைக்கு அனுப்புவது எனக்கு மனதுக்கு ஒப்பாத காரியம். பதின்மூன்று நாள் தனியே கிடந்த ஒன்றை அழுக்கோடு அனுப்புவதா? ஆகவே நான்கு வாளி வெந்நீர், முப்பத்தெட்டுப் பாகை. அரைக் கட்டி சவர்க்காரம். மனைவிக்குத் தெரியாமல் வீட்டிலிருந்து முன்பே கொண்டுபோய் வைத்திருந்த மஞ்சள்தூளில் இரண்டு கரண்டி. ஏழாம் இலக்கம் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. கழுத்து, முதுகு, வால்பக்கம் எல்லாம் தேய்த்துக் கழுவி, சாக்கால் துடைத்து, புது வைக்கோலில் படுக்கவைத்துவிட்டு, நல்ல காரியம் செய்தவனாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை நடந்ததைத்தான் முதலில் சொன்னேன். எட்டும் முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பல்லைக் கடகடவென்று அடித்தன. ஐந்தாம் இலக்கம் ஏழாம் இலக்கத்தின் காதைக் கிழித்தது. செஃப் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து இடையில் நின்று அதை வெளியே எடுத்தார்.

"இரண்டு வாரப் பிரிவைக் கூட்டம் பொறுக்க வேண்டும். ஏன் இப்படிச் செய்தன என்று எனக்கு விளங்கவில்லை" என்றார். அவருடைய ஜெர்மனை என் தமிழில் தருகிறேன். பிறகு குனிந்து பார்த்து, "இதன் கழுத்து ஏன் மஞ்சளாக இருக்கிறது?" என்று கேட்டார்.

"மருந்து" என்றேன். முழுப் பொய் அல்ல.

"பதினான்காம் திகதி சனிக்கிழமை வைத்தியர் வருவார். அன்றைக்கு ஒருமுறை விட்டுப் பார்ப்போம். சேர்க்காவிட்டால் ஊசி போடச் சொல்லப்போகிறேன்."

"வேறு பூங்காவுக்குக் கொடுக்க முடியாதா?"

"அங்கேயும் ஒரு கூட்டம் இருக்கும். அங்கேயும் கடிக்கும். இங்கே சூடாக்கிய கொட்டில் ஒன்றுதான் இருக்கிறது. குளிரில் அவை ஒன்றின்மேல் ஒன்று படுத்துத்தான் பிழைக்கின்றன. தனியே விட்டால் ஜனவரி கொன்றுவிடும். ஊசி அதைவிட நல்லது."

பதினொரு நாள் இருந்தது. வாயைத் திறந்து நான் குளிப்பாட்டியதைச் சொல்லியிருக்கலாம். எங்கள் தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வராத காலம் அது; வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு. அதோடு, குளிப்பாட்டியது ஒரு குற்றம் என்று அப்போது எனக்குத் தோன்றவும் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். மதிய இடைவேளை நாற்பத்தைந்து நிமிடமும் ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்து, குறிப்பேட்டில் ஒன்பது கட்டம் போட்டு, கூட்டம் என்ன செய்கிறது என்று எண்ணினேன். அவை செய்தவற்றில் அதிகம் ஒன்றையொன்று தேய்ப்பதுதான். இரண்டு பெக்கரிகள் எதிரெதிராக, ஒன்றின் தலை மற்றதன் வால்பக்கம் இருக்கும்படி நிற்கும். ஒன்று தன் கன்னத்தை மற்றதன் இடுப்புக்கு மேலே வைத்துத் தேய்க்கும். அதுவும் அப்படியே செய்யும். வியாழன் மதியம் பத்தொன்பது தேய்ப்பு. வெள்ளி இருபத்துமூன்று. நடுவில் நின்ற ஒரு கருவாலி மரக் குற்றியிலும் போய்த் தேய்த்தன. இரண்டு நாளில், நான் பார்த்த அளவில், அந்தக் குற்றியில் மட்டும் அறுபத்தொன்று. ஏழாம் இலக்கத்தின் கட்டத்தில் பூச்சியம்.

செஃப்பின் அறையில் பாலைவன மிருகங்கள் பற்றிய தடித்த ஜெர்மன் புத்தகம் இருந்தது. அதை வாங்கி, பஸ்ஸில் அகராதியோடு வாசித்தேன். மூன்று பக்கம் போக நான்கு பயணம் எடுத்தது. காட்டில் பெக்கரி தனியே வாழாது. பகல் வெயிலில் பாறை நிழலில் சேர்ந்து கிடக்கும். குளிரில் சேர்ந்து படுக்கும். புலியினத்து மிருகம் வந்தால் சேர்ந்து பல்லடிக்கும். தனித்துப் போனது இரையாகும். அதன் முதுகில், வாலுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு வாசனைச் சுரப்பி உண்டு. இவ்வளவும் வாசித்தேன். வாசித்தும் விளங்கவில்லை.

விளங்கவைத்தவர் கள்ளியை எறிந்த அந்த உணவகத்துக்காரர். சனிக்கிழமை பின்வாசலில் சிகரெட்டோடு நின்றார்.

"என்ன அண்ணை, பண்டிக்கும் வானிலை அறிக்கை எழுதிறியளோ?"

"பண்டி இல்லை, பெக்கரி. எத்தினை தரம் சொல்லுறது?"

"சரி, பெக்கரி. உந்த ஏழாம் நம்பருக்கு என்ன நடந்தது? மஞ்சள் பூசின கலியாணப் பொம்பிளை மாதிரி நிக்குது."

ஒருவருக்கும் சொல்லாததை அவருக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் சிகரெட் கீழே விழுந்தது.

"அம்மாளுக்கு வாக்கிற தண்ணியோ? வேப்பிலைக்கு எங்கை போனியள்?"

"வேப்பிலை இஞ்சை எங்கை கிடக்கு? அதுக்குப் பதிலாச் சவுக்காரம் போட்டனான்."

"சவுக்காரமும் போட்டியளோ." விழுந்த சிகரெட்டை எடுத்து ஊதித் துடைத்தார். "அண்ணை, உங்களை ஆரும் சவுக்காரம் போட்டு உரஞ்சி அனுப்பினாலும் வீட்டிலை அக்கா முகத்தைப் பாத்து ஆளைப் பிடிச்சிடுவா. உதுகளுக்குக் கண் தெரியுமோ?"

"கண் அவ்வளவு தெரியாது எண்டுதான் புத்தகத்திலை கிடக்கு."

"பின்னை என்னத்தாலை ஆளைப் பிடிக்குதுகள்?"

நான் குறிப்பேட்டைத் திறந்தேன். பத்தொன்பது, இருபத்துமூன்று, அறுபத்தொன்று. அவை விளையாட்டுக்குத் தேய்க்கவில்லை. ஒவ்வொன்றும் தன் மணத்தை மற்றதில் பூசி, எல்லாவற்றுக்கும் ஒரே மணம் ஆக்கிவைத்திருந்தன. கூட்டம் என்றால் அந்த மணந்தான். அதை நான் நான்கு வாளித் தண்ணீரில் கழுவி, வடிகாலில் ஊற்றி, மஞ்சள் மணக்க ஒரு அந்நியரை உள்ளே அனுப்பியிருந்தேன்.

"நீங்கள் பஸ்ஸை விட்டுப்போட்டுப் பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சிருக்க வேணும்" என்றேன்.

"படிப்பிச்சிருந்தா உங்களை மாதிரி பெக்கரிக்கு மஞ்சள் பூசியிருப்பன்" என்றார்.

ஒன்பதாம் திகதி திங்கட்கிழமை, காலை 7.30, 2 பாகை, உறைபனி. செஃப்பின் அறைக்குப் போய் நின்றுகொண்டே எல்லாம் சொன்னேன். அவர் இரண்டு கோப்பைகளில் கோப்பி ஊற்றினார்.

"எத்தனை கரண்டி மஞ்சள்?"

"இரண்டு."

"சோற்றுக்குப் போடுவதா?"

"கறிக்கு."

கோப்பியைக் குடித்து முடித்தார். பிறகு, "இருபது வருடம் இந்த வேலையில் இருக்கிறேன். ஒருவரும் பெக்கரியைக் குளிப்பாட்டியதில்லை. ஏன் என்று யோசித்ததும் இல்லை" என்றார். "ஐந்து நாள் இருக்கிறது. கெடுத்தவர் நீங்கள். திருத்துகிறவரும் நீங்கள்தான்."

வேலை போகவில்லை. அந்த நிம்மதியில் அன்று கோப்பைக்கு மூன்று சீனிக் கட்டி போட்டேன், வழக்கமாக ஒன்று.

கூட்டம் படுத்த வைக்கோலை ஏழாம் இலக்கத்துக்குப் போடச் செஃப் சொன்னார். போட்டேன். ஆனால் வைக்கோல் போதாது என்பது என் கட்சி. அறுபத்தொரு தேய்ப்பு குற்றியில் இருக்கிறது என்று குறிப்பேட்டைக் காட்டினேன். நானும் உணவகத்துக்காரரும் அந்தக் குற்றியைக் கிளப்பித் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் ஏழாம் இலக்கத்தின் கொட்டிலில் நட்டோம். அது சுற்றிச் சுற்றி மோந்தது. மதியம் 2.25க்கு முதல் தேய்ப்பு. அன்று ஒன்பது. அடுத்த நாள் பதினான்கு.

ஒரு குறை இருந்தது. குற்றியில் தேய்க்கும்போது இடுப்பும் விலாவும் படும், கழுத்து படாது. நான் அதிகம் தேய்த்ததோ கழுத்தைத்தான். மஞ்சளும் அங்கேதான் நின்றது. காட்டில் என்றால் மற்றப் பெக்கரிகள் அந்த இடத்துக்கு மணம் பூசும். இங்கே மற்றவை கடிக்கும். மற்றவற்றின் மணத்தை எதிலாவது ஏற்றிக் கொண்டுவர வேண்டும். சாக்கில் நிற்காது, சாக்கை அவை கிழித்துத் தின்றுவிட்டன. கம்பளியில் நிற்கும்.

என்னிடம் இருந்த கம்பளி ஒன்று. என் கோட்டு.

திங்கள் பின்னேரம் அதைக் கழற்றி, கூட்டம் படுக்கும் இடத்தில் வைக்கோலுக்குக் கீழே விரித்துவிட்டு, சட்டையோடு பஸ் ஏறினேன். செவ்வாய் பன்னிரண்டு தும்மல். புதன் காலை அதை இழுத்து எடுத்தபோது மணம் வாசலைத் தாண்டிவிட்டது. அழுகிய பாற்கட்டியும் பழைய வியர்வையும் சேர்ந்த ஒரு மணம். அதைவிட நெருங்கச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. அதை ஏழாம் இலக்கத்தின் முதுகில் போர்த்து, கொலரைக் கழுத்தோடு சுற்றி, கயிற்றால் தளரக் கட்டினேன். அது உதறவில்லை. கொலருக்குள் மூக்கை விட்டு நெடுநேரம் மோந்தது. பிறகு படுத்துவிட்டது. அந்த எட்டு நாளில் பகலில் அது படுத்தது அன்றுதான்.

உணவகத்துக்காரர் வேலியில் சாய்ந்து பார்த்தார். "அண்ணை, கோட்டு உங்களைவிட அதுக்குத்தான் வடிவாக் கிடக்கு."

"பேசாமல் இரும்."

"பொத்தானையும் பூட்டி விடுங்கோவன், குளிருமெல்லே."

மூன்று இரவு அது என் கோட்டோடு படுத்தது. மூன்று நாளும் நான் சட்டைக்கு மேல் மூன்று சட்டை போட்டுப் போனேன். வீட்டில் கோட்டை வேலைத்தலத்தில் மறந்துவிட்டேன் என்று சொன்னேன். மூன்றாம் நாள் மனைவி, "மறதி எண்டால் தலையையும் அங்கை விட்டிட்டு வரவேண்டியதுதானே" என்றா.

1987 நவம்பர் 14, சனிக்கிழமை, காலை 8 மணி 10 நிமிடம். சூடான தெற்குக் காற்று, அதை இங்கே ஃபோன் என்பார்கள். வெப்பநிலை 12 பாகை. வானத்தில் எட்டில் ஒரு பங்குகூட மேகம் இல்லை. தூரத்துச் சென்டிஸ் மலை, கையை நீட்டினால் தொடலாம் போல நின்றது. வைத்தியரின் கார் வேலிக்கு வெளியே நின்றது. பெட்டி அவர் காலடியில் இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். செஃப் பலகையோடு உள்ளே நின்றார். நான் ஏழாம் இலக்கத்தின் கோட்டைக் கழற்றினேன். கழுத்து இன்னும் இளமஞ்சள்தான். இடைக்கதவைத் தூக்கினேன்.

ஏழாம் இலக்கம் நான்கு அடி போய் நின்றது. எட்டும் திரும்பின. முதுகு மயிர் எழுந்தது. ஒன்றாம் இலக்கம், அந்தக் கிழட்டுத் தலைவி, முன்னுக்கு வந்து பல்லடித்தது. கடக். கடக். கடக். நான் மூன்று எண்ணினேன். நான்காவது வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அது மூக்கை நீட்டி மஞ்சள் கழுத்தை மோந்தது, விலாவை மோந்தது, வால்பக்கம் போனது. பிறகு பக்கத்தில் ஒட்டி நின்று, கன்னத்தை ஏழாம் இலக்கத்தின் இடுப்பில் வைத்துத் தேய்த்தது.

8.13. ஒன்று.

ஏழாம் இலக்கமும் திருப்பித் தேய்த்தது. அடுத்தது மூன்றாம் இலக்கம், அதன் பின்னால் நான்காம் இலக்கம். 8.30க்குள் ஆறு. எட்டாம் இலக்கம் 8.37க்கு. ஐந்தாம் இலக்கம் மட்டும் தூரத்தில் நின்று மண்ணைக் கிளறியது. செஃப் பலகையைக் கீழே வைக்கவில்லை. நான் மூச்சு விடவில்லை என்று எழுதினால் அது பொய். நிமிடத்துக்கு இருபத்தெட்டு முறை விட்டேன். 8.51க்கு ஐந்தாம் இலக்கம், வேறு வேலையாக அந்தப் பக்கம் போவதுபோல நடந்துவந்து, தான் கிழித்த காதை மோந்து, தேய்த்தது.

எட்டில் எட்டு. முப்பத்தெட்டு நிமிடம்.

நான் கை தட்டவில்லை. குறிப்பேட்டில் 8 என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். செஃப் பலகையை வேலியில் சாய்த்துவைத்து, என் தோளில் ஒரு அடி போட்டார். மூன்று நாள் நொந்தது. வைத்தியர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "எனக்கு வேலை இல்லையென்றால் கோப்பியாவது தாருங்கள்" என்றார். உணவகத்துக்காரர் நான்கு கோப்பி கொண்டுவந்தார். ஒன்றுக்கும் காசு வாங்கவில்லை. தன் பாட்டுக்கு, "தண்ணி வாத்து எடுத்தாச்சு" என்று சொல்லிக்கொண்டு போனார்.

பின்னேரம் 4.30க்குச் சூடாக்கிய கொட்டிலில் எண்ணினேன். ஒரே குவியலாகக் கிடந்ததால் மூக்கை வைத்து எண்ண வேண்டியிருந்தது. ஒன்பது. ஏழாம் இலக்கம் அடியில், ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில்.

இதைக் கேட்டவர்களில் சிலர், "இது எங்கள் அகதி வாழ்க்கை போல அல்லவா இருக்கிறது" என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்களை யாரும் வெந்நீரில் குளிப்பாட்டவில்லை. இது ஒரு பெக்கரியின் கதை. அதைக் கெடுத்தவன் எண்ணித் திருத்திய கதை.

அன்று தெற்குக் காற்று விழுந்ததும் மழை பிடித்தது, 5 பாகை. விட்டுவிட்டு வர மனம் இல்லாமல் கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். நனைந்த கம்பளி. பஸ்ஸில் பதினான்கு பேர் இருந்தார்கள். இரண்டு தரிப்புக்குள் பதினான்கு பேரும் முன்பக்கம். பின்பக்கம் முழுவதும் எனக்கு. ஒரு அமைச்சரைப் போல வந்து இறங்கினேன்.

மனைவி கதவைத் திறந்து, மூக்கைப் பொத்தினா.

"இஞ்சாருங்கோ, என்ன மணமப்பா இது? உள்ளுக்கை வராதேங்கோ. கோட்டைக் கழட்டிப் படியிலை வையுங்கோ."

"எட்டும் சேத்திட்டுதுகள்" என்றேன்.

"என்னத்தை?"

படியில் நின்றபடியே மஞ்சளில் தொடங்கி எல்லாம் சொன்னேன். மஞ்சள் போத்தல் குறைந்ததன் காரணம் தெரிந்ததில் அவவுக்கு ஒரு திருப்தி. ஆனால் கோட்டை உள்ளே விடவில்லை. மூன்று முறை கழுவினோம். இரண்டு முறை வினாகிரியில். கட்டடத்தின் பொதுச் சலவை அறையில் அடுத்த முறைக்காரியான மூன்றாம் மாடி அம்மையாரின் படுக்கை விரிப்பிலும் பெக்கரி மணம் ஏறி, அதற்கும் நான் பொறுப்பேற்க வேண்டி வந்தது. கோட்டு கடைசியில் பூங்காவுக்கே திரும்பிப் போய், கூட்டத்தின் வைக்கோலுக்குக் கீழே கிடந்து, கிழிந்து முடிந்தது.

அடுத்த வருடம் ஜூனில் ஏழாம் இலக்கம் இரண்டு நாள் கூட்டத்தை விட்டு மூலையில் ஒதுங்கியது. எனக்குக் குளிசை இரட்டிப்பாகியது. மூன்றாம் நாள் காலை இரண்டு குட்டிகளோடு வந்தது. செம்மண் நிறம், முதுகில் ஒரு கறுத்த கோடு. ஒன்றாம் இலக்கம் மோந்தது, தேய்த்தது. பதினொன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியை அழைத்துப்போய்க் காட்டினேன். சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தா.

"இதுகளுக்கோ கோட்டைக் குடுத்தனீங்கள்?"

"ஓம்."

"வடிவாத்தான் கிடக்குதுகள்" என்றா. பிறகு, "சின்னனுகளுக்குத் தண்ணி கிண்ணி வாத்துப்போடாதேங்கோ" என்றா.

வார்க்கவில்லை. புதுக் கோட்டு, வினாகிரி, மூன்றாம் மாடி அம்மையாரின் விரிப்புச் சலவை, மஞ்சள், அரைக் கட்டி சவர்க்காரம் எல்லாம் சேர்த்து, ஏழாம் இலக்கத்தைக் கூட்டத்தில் சேர்க்க எனக்குப் போனது நூற்றைம்பத்தைந்து பிராங் பத்து ராப்பன்.